தொட்டால் தெரியாத தேமல்

சென்னையில் தொழுநோய் அரிதாகிவிட்டது. அரிதானதாலேயே பிடிபடத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் போவது கையும் காலும்.

பகல் வெளிச்சம், ஒரு நாற்காலி, மூடி கழற்றிய பால்பாயின்ட் பேனா. தொழுநோயைக் கண்டறியும் அடிப்படைச் சோதனைக்கு இந்த மூன்றும் போதும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் மாதிரி நெருக்கியடித்த குடியிருப்பில் இவற்றில் கிடைக்காமல் போவது வெளிச்சம்தான். உள்ளறையில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த வெளிச்சத்தில் லேசாக வெளிறிய தேமல் கண்ணில் படாது. வாசலுக்கு வந்தால் வெளிச்சம் உண்டு, கூடவே எதிர்வீட்டுக் கண்களும் உண்டு. முதுகைக் காட்டச் சட்டையைக் கழற்றச் சொன்னால் ஆண்களே தயங்குவார்கள். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் கை, முகம், கணுக்கால் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போக நேர்வது இதனால்தான். முதுகிலும் புட்டத்திலும் இருக்கும் தேமல் அப்படியே தங்கிவிடும்.

சோதனை இப்படி நடக்கும். முதலில் கண்ணைத் திறந்துவைத்தபடியே நல்ல தோலில் பேனா முனையால் மெல்லத் தொட்டுக் காட்டுவார்கள். அழுத்தக் கூடாது, தடவவும் கூடாது; பட்டும் படாமலும் தொட்டு எடுக்க வேண்டும். “தொட்ட இடத்தை விரலால காட்டுங்கம்மா” என்று பழக்கிய பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள். தேமலுக்கு வெளியே தொட்டால் விரல் நேராக அந்த இடத்துக்குப் போகும். உள்ளே தொட்டால் விரல் அசையாது. திரும்பத் திரும்ப இப்படியே நடந்தால் நோய் அநேகமாகத் தெரிந்துவிட்டது. தோலில் வரும் மற்றத் தேமல்கள் எதிலும் உணர்ச்சி இப்படிப் போவதில்லை. முகத்தில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அங்கே நரம்பு வலை அடர்த்தி அதிகம் என்பதால், தொழுநோய்த் தேமலிலும் தொடுவது தெரியும்.

ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. ஆனாலும் பலர் மூன்று நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டு, விரல் மடங்கிய பிறகுதான் இந்தப் பேனா முனைக்கு வந்து சேர்கிறார்கள்.

எண்ணிக்கை சுருங்கிய விதம்

தொழுநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரேயை 1873இல் நார்வே மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் கண்டறிந்தார். கிருமி தெரிந்த பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு உருப்படியான மருந்து இல்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1940களில் டாப்சோன் வந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திய ராபர்ட் காக்ரேன், அதை இந்தியாவில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர். 1955இல் அந்த மருத்துவமனை மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதே ஆண்டு பொலம்பாக்கத்துக்கு வந்த பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ், நோயாளிகளைத் தேடி ஊர் ஊராகப் போய் மரத்தடியிலேயே மருத்துவம் பார்த்தார். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மையம் உருவானதும் 1955இல்தான். சென்னைக்குள் 1971 முதல் ஷெனாய் நகரின் ‘கிரெமால்டெஸ்’ நிறுவனம் தொழுநோய்ச் சிகிச்சையைக் கவனித்தது. உலகத் தொழுநோய் மருத்துவப் பாடத்தின் பல பக்கங்கள், சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர்களில் எழுதப்பட்டவை.

டாப்சோனுக்குக் கிருமி பழகிப்போனதும், 1981இல் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 1983இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் பத்தாயிரம் பேரில் நூறு பேருக்கும் மேல் நோய் இருந்தது. இன்று ஒருவருக்கும் குறைவு. நாடு முழுவதும் அந்த அளவுக்கு இறங்கியது 2005 டிசம்பரில். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக அரசு அறிவித்தது.

சாதனை உண்மையானது. ஆனால் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்பது அன்றைய தேதியில் சிகிச்சையில் இருப்பவர்களின் எண்ணிக்கை. மருந்து தின்னும் காலம் 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டதும், புதிதாக நோய் வருகிறவர்கள் ஒருவர்கூடக் குறையாமலே பதிவேடு இளைத்தது. மருந்து முடித்தவர் கை மடங்கியே இருந்தாலும் பட்டியலை விட்டுப் போய்விடுவார். வீடு வீடாகத் தேடுவதும் 2005க்குப் பின் தளர்ந்தது. தேடாதபோது எண்ணிக்கை குறைவது இயல்பு. 2016இல் பல மாநிலங்களில் மறுபடி தேடல் இயக்கம் நடத்தியபோது புதிதாக 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டார்கள். அவர்கள் அந்த ஆண்டில் திடீரென முளைத்தவர்கள் அல்ல.

இதற்கிடையில் தொழுநோய்க்கென்றே இருந்த தனிப் பணியாளர் அமைப்பு பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் காது மடலைப் பார்த்தே சந்தேகப்படக்கூடிய கண் அந்தப் பழைய பணியாளர்களுக்கு இருந்தது. அவர்கள் ஓய்வு பெற்றார்கள். அந்தக் கண்ணும் அவர்களோடு போனது. இன்று மயிலாப்பூரிலோ அடையாறிலோ கிளினிக் வைத்திருக்கும் இளம் டாக்டர் தொழுநோயைப் பரீட்சைக்குப் படித்திருப்பார். தன் கையால் நரம்பைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு.

குளிர்ச்சியான இடம் தேடும் கிருமி

இந்தக் கிருமி ஒருமுறை இரட்டிப்பாக இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். உடலுக்குள் போய் நோயாக வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள். 20 ஆண்டுகள் ஆவதும் உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகினால் மூக்குச் சளித் துளிகள் வழியே பரவுகிறது. கை குலுக்குவதாலோ பேருந்தில் பக்கத்தில் உட்காருவதாலோ அல்ல. பெரும்பாலானவர்களின் உடல் எதிர்ப்பாற்றலே கிருமியை வென்றுவிடும். பரம்பரை நோயும் அல்ல.

உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்குப் பிடித்தமானவை: தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள். மனித நரம்புக்குள் இப்படிக் குடிபுகும் பாக்டீரியா மிக அரிது. முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உள்பக்கம் என்று நரம்பு மேலாக ஓடும் இடங்களில்தான் பாதிப்பு தொடங்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்குவது, பாதம் தொங்கிப்போவது, கண் இமை மூடாமல் நிற்பது எல்லாமே நரம்பு செத்ததன் விளைவுகள்.

விரல்கள் அழுகி விழுகின்றன என்ற எண்ணத்தை உடைத்தவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பால் பிராண்ட். சதை கெடவில்லை, வலி தெரியாததால் நோயாளி தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார் என்று அவர் காட்டினார். சூடான பாத்திரம், செருப்புக்குள் கிடக்கும் ஆணி, தூக்கத்தில் விரலைக் கடிக்கும் எலி. வலிக்காத புண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுப்பதில்லை. அதில் சீழ் வைத்து எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. 1940களின் கடைசியிலிருந்து, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய கைகளை அவர் நிமிர்த்தத் தொடங்கினார்.

சர்க்கரை, வாதம், படர்தாமரை

சென்னையில் கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் எந்த டாக்டரும் முதலில் எழுதித் தருவது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. அது சரியும்கூட, ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? முடிவில் 220 என்று வந்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். சர்க்கரை உள்ளவருக்குத் தொழுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை.

பிரித்தறியும் வழிகள் உண்டு. சர்க்கரையால் வரும் மரமரப்பு இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். தொழுநோயில் ஒரு பக்கம் அதிகம், மறு பக்கம் குறைவு. சில சமயம் கால் நன்றாக இருக்க, ஒரு கையின் சுண்டு விரல் பக்கம் மட்டும் மரத்திருக்கும். கணுக்காலின் பின்னால் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைத் துடிப்பு சர்க்கரை நரம்புக் கோளாறில் மங்கும், தொழுநோயில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக முழங்கையை மடக்கி உள்பக்கம் தடவினால், தொழுநோயில் நரம்பு கயிறு மாதிரி தடித்துத் தட்டுப்படும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் ஓ.பி.யில் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி.

கடலோர வேலைகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. லூப் ரோட்டுப் பக்கம் அரிவாள்மனையில் மீன் வெட்டுகிறவருக்குக் கையில் கீறல் விழுவது அன்றாட விஷயம். வலித்தால் கையை இழுத்துக்கொள்வார். மரத்துப்போன கைக்கு வலி வராது. மீன் ரத்தத்தோடு தன் ரத்தமும் கலந்திருப்பதைக் கழுவும்போதுதான் கவனிப்பார். நாள் முழுக்க ஐஸில் கை வைப்பதால் மரத்துக் கிடக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். டாக்டரும் அதையே நம்பிவிடலாம்.

இரண்டாவது குழப்பம் வாதம். கிருமி மிகுந்த வகைத் தொழுநோயில் சிலருக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் தோலடியில் வலிக்கும் சிவந்த கட்டிகளும் கிளம்பும். முடக்குவாதம், லூபஸ் என்று எண்ணி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கப்படுவது உலகம் முழுவதும் பதிவான தவறு. ஸ்டீராய்டில் வலி அடங்குவதால் நோயாளிக்குத் திருப்தி. கிருமிக்கோ இன்னும் திருப்தி.

மூன்றாவது, மெடிக்கல் ஷாப் ஆயின்மென்ட். தேமல், படர்தாமரை என்று சொன்ன உடனே மருந்துச் சீட்டு கேட்காமல் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு மங்கும், விளிம்பு அழியும், பார்க்க வரும் தோல் டாக்டருக்கு வேண்டிய அடையாளங்களும் அழியும். அரிப்பது படர்தாமரை, தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது, வியர்க்காது, அதில் முடியும் உதிர்ந்திருக்கும். தொந்தரவு தராத எதற்காகவும் கூலியை விட்டுவிட்டு யாரும் ஓ.பி. வரிசையில் நிற்பதில்லை. நோய் வளர்வதற்கு அதுதான் வசதி.

பெட்டிச் செய்தி: எப்போது சந்தேகப்பட வேண்டும்?

சாதாரணத் தோலைவிட வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சி குறைந்த தேமல். பால் வெள்ளையாக வெளுக்கும் வெண்புள்ளி இதில் சேராது. அது தொழுநோயே அல்ல, அங்கே உணர்ச்சி முழுமையாக இருக்கும்.

தேமலே இல்லாமல் முகமும் காது மடலும் எண்ணெய் பூசியதுபோல் மினுமினுத்துத் தடிப்பது, புருவத்தின் வெளி ஓரத்து முடி உதிர்வது, தீராத மூக்கடைப்பு, காரணம் தெரியாத பாத வீக்கம். கிருமி அதிகம் உள்ள வகையின் தொடக்கம் இப்படித்தான். பரப்பும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களும் இவர்களே.

செருப்பு காலை விட்டு நழுவியது தெரியாமல் நடப்பது, சுடுபாத்திரம் பட்டுக் கொப்புளம் எழுந்த பிறகே தெரிவது, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காதது.

காது மடலில் ஒரு கீறல்

நோயை உறுதி செய்ய மூன்று அடையாளங்கள் பேசப்படுகின்றன: உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பும் அதையொட்டிய மரமரப்போ பலவீனமோ, தோல் கீறல் மாதிரியில் கிருமி. மூன்றில் ஒன்று உறுதியானாலே சிகிச்சையைத் தொடங்கலாம்.

கீறல் மாதிரி எடுப்பது பார்க்கச் சின்ன வேலை. காது மடலை இரு விரலால் இறுக்கிப் பிடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அறுவைக் கத்தியால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, கத்தியைத் திருப்பிக் கீறலின் சுவரைச் சுரண்டுவார்கள். சொட்டு ரத்தம் கலக்காத திசுச் சாறுதான் வேண்டும். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றினால் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். பிடி தளர்ந்தால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் மாதிரி வீண். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதிரிகூட வராத ஆய்வகத்தில் இந்தக் கைப்பழக்கம் நிலைக்காது. கிருமி தெரியவில்லை என்ற அறிக்கையை நம்பி நோயையே மறுக்கவும் கூடாது; ஓரிரு தேமல் மட்டும் உள்ளவர்களுக்கு மாதிரியில் கிருமி தெரியாமல் இருப்பதே வழக்கம். சந்தேகம் நீங்காவிட்டால் தோல் அல்லது நரம்புத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். தேமலே வராமல் நரம்பை மட்டும் தாக்கும் வகை இந்தியாவில் அடிக்கடி பதிவாவதால் இது முக்கியம். அப்படிப்பட்டவர்கள் தோல் டாக்டரிடம் போகவே மாட்டார்கள், நரம்பு அல்லது எலும்பு டாக்டரிடம் நிற்பார்கள்.

மாத்திரை அட்டை

ஐந்து தேமல் வரை என்றால் கிருமி குறைந்த வகை, அதற்கு மேல் என்றால் கிருமி மிகுந்த வகை. ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு பாதிக்கப்பட்டாலோ, கீறலில் கிருமி தெரிந்தாலோ இரண்டாவது வகைதான். முதல் வகைக்கு 6 மாதம், இரண்டாவதற்கு 12 மாதம் மருந்து. மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராமும் குளோஃபாசிமின் 300 மில்லிகிராமும். வீட்டில் தினமும் டாப்சோன் 100, குளோஃபாசிமின் 50. கிருமி குறைந்த வகைக்கு முன்பு இரண்டு மருந்துதான் இருந்தது. இரு வகைக்கும் மூன்று மருந்து என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையை இந்தியா 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அட்டைகள் அரசு மருத்துவமனையிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். தனியார் மருந்துக் கடைகளில் இந்த அட்டையைத் தேடி அலைவது வீண் வேலை.

முதல் முறை விழுங்கும் ரிஃபாம்பிசினே உடலில் உள்ள உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். அதன்பின் சில நாட்களில் நோயாளி யாருக்கும் பரப்பக்கூடியவர் அல்ல. தனித் தட்டு, தனிப் பாய் எதற்கும் காரணமில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிகிச்சை நிறுத்தப்படுவதில்லை.

பாதியில் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து வேலை செய்யாதது அல்ல, அது வெளியே தெரிவது. ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவந்து போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து அட்டையைத் தூக்கிப் போடுவார்கள். குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கி, பிறகு கருக்க வைக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் “ஏன் இப்படிக் கறுத்துப்போனே?” என்ற கேள்வி நோயைவிடப் பெரிய தலைவலி. மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் திரும்பத் தொடங்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். டாப்சோனில் ரத்தசோகை வரலாம். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டட வேலைக்கு வரும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மாநிலங்களில் நோய் தமிழ்நாட்டைவிட அதிகம். ஒரு சைட் முடிந்தால் அடுத்த ஊர் என்று போகிறவருக்கு மாதாமாதம் ஒரே மையத்துக்கு வரச் சொல்வது நடக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு மீதமுள்ள அட்டைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்பும் வழி விதிகளிலேயே உண்டு. தொழுநோயை வெளியூர்க்காரன் கொண்டுவந்தது என்று ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருக்கவும் முடியாது. கிருமி 20 ஆண்டு வரை பதுங்கியிருக்கும் என்றால் இன்று வெளிப்படும் நோய் இதே ஊரின் பழைய பாக்கியாகவும் இருக்கலாம்.

மருந்து தின்னும்போதே வரும் வீக்கம்

டாக்டருக்குத் தொழுநோய் பழக்கமில்லாத ஊரில் மிக மோசமாகக் கையாளப்படுவது இந்தக் கட்டம்தான். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில், சிலருக்கு முடிந்த பிறகும்கூட, பழைய தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், நேற்று வரை தூக்க முடிந்த பாதம் இன்று தூக்க வராது. கிருமியின் மிச்சங்களோடு உடலின் எதிர்ப்பாற்றல் நடத்தும் சண்டை இது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நினைப்பார். இதுபோல் பார்த்திராத டாக்டரும் அப்படியே நினைத்து அட்டையை நிறுத்துவார். இரண்டுமே தவறு. கூட்டு மருந்தைத் தொடர்ந்துகொண்டே பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்க வேண்டும். வழக்கமாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் பிடித்துவிட்டால் மீட்கும் வாய்ப்பு நன்றாக உண்டு. அதற்குப் பிறகு குறைவு.

சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது சென்னை டாக்டர்களின் அன்றாடச் சங்கடம். சர்க்கரை தாறுமாறாக ஏறும் என்று பயந்து அளவைக் குறைத்தால் கை போகும். பயப்படாமல் கொடுத்தால் சர்க்கரை 400ஐத் தொடும். இன்சுலினோடு சேர்த்து, வாரா வாரம் பார்த்து நடத்த வேண்டிய சிகிச்சை இது. வலியே இல்லாமல் நரம்பு தேய்ந்துகொண்டே போவதும் உண்டு. அதைப் பிடிக்க ஒரே வழி மாதந்தோறும் சுண்டு விரல், கட்டை விரல், பாதம், இமை நான்கின் பலத்தையும் உள்ளங்கை, உள்ளங்கால் உணர்ச்சியையும் சோதித்து நோயாளியின் பதிவு அட்டையில் குறிப்பது. மாத்திரை கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் மையங்களில் இந்தப் பக்கம் காலியாகவே கிடக்கும்.

நரம்பு திரும்பாதவர்களுக்குத் தினசரிப் பழக்கம்தான் மருந்து. பாதத்தைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். மென் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கும். கடல் மணலில் வெறுங்காலோடு நடப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பழக்குவது சிகிச்சையிலேயே கடினமான பகுதி.

பெட்டிச் செய்தி: எண்கள்

2023இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,815 பேர். பாதிக்கும் மேல் இந்தியாவில்.

1991இல் தொடங்கித் தமிழ்நாட்டில் சுமார் 1.7 லட்சம் பேரிடம் தொழுநோய்த் தடுப்பூசிகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. நடத்தியது ஆவடியில் இயங்கிய ஐ.சி.எம்.ஆர். களப் பிரிவு. பி.சி.ஜி. தனியாகத் தந்த பாதுகாப்பு 34 சதவீதம்; கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியோடு சேர்த்துப் போட்டபோது 64 சதவீதம்.

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவுகள் நீங்கியது 2019இல்.

பக்கத்து வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

ஒருவருக்கு நோய் உறுதியானதும் வீட்டாரையும் நெருங்கிப் பழகும் அண்டை வீட்டாரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது இப்போது தேசியத் திட்டத்தின் பகுதி. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயாளிகள் 57 சதவீதம் குறைந்தார்கள். காசநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர், கர்ப்பிணி, கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு இந்த மாத்திரை கிடையாது.

மாத்திரை எளிது, அதைக் கொடுக்கப் போவது எளிதல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் திடீரென நான்கு வீட்டுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் நடுவில் உள்ள வீடு எது என்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அண்டை வீட்டாரிடம் பேசக் கூடாது என்பது விதி. சம்மதம் தராதவர்களின் அச்சம் கற்பனையும் அல்ல. 1954இல் வந்த ‘ரத்தக் கண்ணீர்’ படத்தில் எம்.ஆர்.ராதாவின் நடிப்பு தமிழ்த் திரையின் உச்சங்களில் ஒன்று. ஆனால் ஒழுக்கம் கெட்டவனுக்கு வரும் தண்டனை இது என்ற சித்திரத்தை இத்தனை தலைமுறைக்குப் பதிய வைத்ததிலும் அதற்கு நிகரில்லை. கூட்டு மருந்து வராத காலத்துப் படம் அது. மருந்து வந்த பிறகும் சித்திரம் மாறவில்லை. அதற்கு எதிர்ச் சாட்சியாக வாழ்ந்தவர் டி.என்.ஜகதீசன். ஆசிரியரான அவரையே தொழுநோய் தாக்கியது. மறைத்து வாழாமல், மழவந்தாங்கலில் கஸ்தூர்பா குஷ்ட நிவாரண நிலையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 1957இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சில பகுதிகளில் இந்தச் சங்கடத்தைச் சுற்றிப்போக ஒரு வழி கையாளப்படுகிறது: யாருக்கு நோய் என்று சொல்லாமல் தெரு முழுவதற்கும் பொதுத் தோல் முகாம் நடத்துவது. செலவு கூடும், ஆனால் பெயர் வெளிவராது. படர்தாமரையும் சொறியும்கூட அதே முகாமில் தீரும். 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களுக்கு இந்தப் பேனாச் சோதனையையும் பழக்கினால், சர்க்கரை என்று எழுதப்பட்ட மரத்த பாதங்களை இன்னொருமுறை பார்க்க வாய்ப்பு கிடைக்கும்.

பூஜ்யம் வரைக்கும், அதற்கு அப்பாலும்

நோய் மிக அரிதான நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 200 பேருக்கு வருகிறது. தென் மாநிலங்களில் ஆர்மடில்லோ என்ற விலங்கிடமிருந்தும் தொற்றுகிறது, மத்திய புளோரிடாவில் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்களுக்கும் வந்திருக்கிறது. அங்கே எல்லா டாக்டரும் தொழுநோய் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஒரே தேசிய மையம். எந்த ஊர் டாக்டரும் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம், திசுவை அனுப்பலாம், மருந்தை இலவசமாகப் பெறலாம். குளோஃபாசிமின் அங்கே எளிதில் கிடைக்காததால் மாதம் ஒருமுறை மட்டும் விழுங்கும் வேறு மூன்று மருந்துக் கூட்டையும் கையாள்கிறார்கள். லண்டனில் வெப்பமண்டல நோய் மருத்துவமனை இதே வேலையைச் செய்கிறது.

2024 செப்டம்பரில் ஜோர்டானைத் தொழுநோயை நீக்கிய முதல் நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே உள்ளூரில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லை. இந்த அங்கீகாரத்துக்கான படிகள் நீளமானவை: குழந்தைகளிடம் தொடர்ந்து 5 ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று இருக்கக் கூடாது, அதன்பின் எந்த வயதிலும் 3 ஆண்டுகள் இருக்கக் கூடாது, அதற்கும் பிறகு கண்காணிப்பு தொடர வேண்டும். இந்தியா பரவலை நிறுத்த 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது.

பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவருக்குச் சந்தேகத் தேமல் இருந்தால் முதலில் போக வேண்டியது பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்; அங்கே முடிவு தெரியாவிட்டால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை அல்லது சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் தோல் நோய்த் துறை. ஸ்டீராய்டுக்கு அடங்காத வீக்கம், திரும்பத் திரும்ப வரும் கட்டிகள், கை கால் சீரமைப்பு அறுவை போன்றவற்றுக்குத் திருமணியும் கரிகிரியும் இருக்கின்றன. தனியார் டாக்டரிடம் தொடங்கியவரும் கூட்டு மருந்துக்கு அரசு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பழைய சீட்டு, பரிசோதனை அறிக்கைகள், பூசிய களிம்பின் பெயர் ஆகியவற்றையும் எடுத்துப் போவது நல்லது.